ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பிடிக்குமா?

நாராவில் டோடாய்ஜி கோயிலுக்குப் போகும் பாதையில், மான்களுக்குத் தீனி கொடுத்துக்கொண்டு நிற்கும் வெளிநாட்டுப் பயணிகளை நோக்கிப் பள்ளிச் சீருடையில் நாலைந்து பிள்ளைகள் தயங்கித் தயங்கி வருவதைப் பார்க்கலாம். கையில் கேள்விகள் அச்சிட்ட தாள், ஒரு பென்சில். கிட்டே வந்ததும் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளுவார்கள். கடைசியில் ஒருத்தி துணிந்து "எக்ஸ்கியூஸ் மீ" என்பாள். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் சேர்ப்பார்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள், ஜப்பானில் எந்தச் சாப்பாடு பிடித்தது, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்வார்கள். சில பிள்ளைகள் காகிதத்தில் மடித்த கொக்கு ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்கள். பத்தடி தள்ளிப் போனதும் கிளம்பும் கூச்சலையும் சிரிப்பையும் கேட்டால், இவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பிடிக்காது என்று சொல்ல மனம் வராது. பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர்கள் கொடுத்தனுப்பும் வேலைதான் இது. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலும் டோக்கியோவின் அசாகுசாவிலும் இதே காட்சி உண்டு.

அதே வயதுப் பிள்ளைகளுக்கு 2023இல் நாடு தழுவிய தேர்வு ஒன்று நடந்தது. நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு, அதாவது நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலத்தில் பேசும் பகுதிக்குச் சரியான விடைகளின் சராசரி 12.4 விழுக்காடு. அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு கேள்விக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடைகளில் பிளாஸ்டிக் பை விற்பதை நிறுத்தலாமா என்பது பற்றித் தன் கருத்தையும் காரணத்தையும் சொல்லச் சொன்ன கேள்வியில், சரியாகச் சொன்னவர்கள் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. "ஜப்பானியர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வராது" என்ற பழைய பேச்சு இந்த முடிவுகளோடு மறுபடி கிளம்பியது.

இரண்டும் ஒரே நாட்டுப் பிள்ளைகள்தான். ஆர்வம் இல்லை என்பது சரியான விளக்கமாக எனக்குப் படவில்லை. ஆர்வம் நிறையவே இருக்கிறது. தப்பாகப் பேசினால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்து அது வெளியே வருகிறது, அல்லது உள்ளேயே நின்றுவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஜப்பானுக்குள் ஆங்கிலம் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1808இல் ஃபைட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நாகசாகி துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டது. அதுவரை மேற்கு நாடுகளில் டச்சுக்காரர்களோடு மட்டும் வணிகம் செய்துவந்த அரசு அதிர்ந்துபோய், டச்சு மொழிபெயர்ப்பாளர்களை ஆங்கிலமும் படிக்கச் சொன்னது. சொல்லிக்கொடுத்தவரும் ஒரு டச்சுக்காரர்தான். ஆங்கிலத்தைப் பிறப்பு முதல் பேசிய ஒருவர் ஜப்பானில் பாடம் எடுத்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து. ரானல்ட் மெக்டொனால்ட் என்ற வட அமெரிக்க இளைஞர் 1848இல் தானாகவே வடகடலில் ரிஷிரித் தீவில் வந்து இறங்கினார். பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேர் மரக்கம்பிகளுக்கு வெளியே உட்கார்ந்து வாசிக்க, உள்ளே இருந்தபடி அவர் உச்சரிப்பைத் திருத்தினார். அப்படிப் படித்த மொரியாமா எய்னோசுகே, 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் மேத்யூ பெரி என்பவரோடு நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தார். கைதியிடம் பேசிப் பேசிக் கற்ற ஆங்கிலம், ஆறே ஆண்டுகளில் நாட்டின் தலைவிதியைப் பேசப் பயன்பட்டது.

ஆனால் பள்ளிக்கூடம் போன வழி வேறு. 1868இல் தொடங்கிய மெய்ஜி பேரரசர் காலத்தில் ஜப்பானுக்கு வேண்டியிருந்தது மேற்கின் அறிவு. அது புத்தகங்களில் இருந்தது. சீன நூல்களைச் சொல்லுக்குச் சொல் குறியிட்டுத் தம் மொழியின் வரிசைக்கு மாற்றிப் படித்த பழக்கம் அங்கே நூற்றாண்டுகளாக உண்டு. ஆங்கிலத்தையும் அதே வழியில் படித்தார்கள்: வாக்கியத்தைப் பிரி, பொருள் எழுது, ஜப்பானிய வரிசையில் அடுக்கு. வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. இந்த வழியைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஒரு தலைமுறைக்குள் மருத்துவத்தையும் சட்டத்தையும் பொறியியலையும் சொந்த மொழிக்குக் கொண்டுவந்தது இந்த வழிதான்.

அதன் விளைவு என்ன என்பதை மிகத் தெளிவாகப் பார்த்தவர் நாவலாசிரியர் நட்சுமே சோசெகி. அவரே ஆங்கில ஆசிரியர், லண்டனில் படித்தவர். மாணவர்களின் ஆங்கிலத் திறன் குறைந்துவிட்டது என்ற புலம்பல் 1911லேயே இருந்தது. அது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை, இயல்பாக நடக்க வேண்டியதுதான் என்றார் அவர். தம் காலத்தில் பூகோளமும் கணிதமும்கூட ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டியிருந்ததை ஒரு அவமானமாகவும், பிரிட்டிஷாருக்குக் கீழ்ப்பட்ட இந்தியாவின் நிலையைப் போன்றதாகவும் அவர் கண்டார். தாய்மொழியில் படிக்க முடிகிற நாட்டில் ஆங்கிலம் குறையத்தான் செய்யும். இதைத் தமிழில் படிக்கும் நமக்குச் சுருக்கென்று தைக்கும். நம்மிடம் ஆங்கிலம் வேலைக்கும் அந்தஸ்துக்கும் வாசல். அது இல்லாமல் கல்லூரிப் படிப்பே திண்டாட்டம். ஜப்பானில் ஒரு பிள்ளை ஆங்கிலமே பேசாமல் மருத்துவராகலாம், நீதிபதியாகலாம். அதனால் அங்கே பேச்சு ஆங்கிலத்தைக் கட்டாயத்தால் வளர்க்க வழி இல்லை. பிடித்துப்போய்ப் பேசினால்தான் உண்டு. இந்த விவாதத்தில் மகிழ்ச்சி என்ற சொல் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

அந்த மகிழ்ச்சி ஒருமுறை நாடு முழுக்கப் பரவியும் இருக்கிறது, அதுவும் தோற்றுப்போன ஆண்டுகளில். 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் 32 பக்கத்தில் ஒரு ஜப்பானிய-ஆங்கில உரையாடல் கையேடு வெளிவந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 36 லட்சம் பிரதிகள் போயின. ஊரெல்லாம் சாம்பலாகக் கிடந்த, அரிசிக்கே வழியில்லாத நேரம் அது.

1946 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வானொலியில் மாலை ஆறு மணிக்குக் கால் மணி நேர ஆங்கில உரையாடல் நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் ஹிராகாவா தடாய்ச்சி. பதின்ம வயதில் அமெரிக்கா போய், ரயில் பாதையில் கூலி வேலை செய்து, ஆங்கிலம் கற்பதற்காகச் சின்னக் குழந்தைகளோடு தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்தவர். பிறகு பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜப்பானியக் குழந்தைப் பாட்டின் மெட்டில் ஆங்கில வரிகளைப் போட்டு, "எல்லாரும் வாங்க, வாங்க" என்று கூப்பிடுவதுபோல நிகழ்ச்சியைத் தொடங்கினார். பாடம் என்னவோ வீட்டுப் பேச்சுதான்: அம்மா பிள்ளையை எழுப்புவது, அப்பா வேலை முடிந்து வருவது, சாப்பாட்டு மேசைச் சண்டை. இலக்கணத்தை ஓரமாக வைத்தார். குழந்தை பேச்சைப் பழகுவதுபோலக் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள், இதைப் படிப்பாக நினைக்க வேண்டாம், விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. ஊருக்கு ஊர் ரசிகர் மன்றங்கள் முளைத்தன. தெருவில் பிள்ளைகள் அந்த வரிகளைப் பாடிக்கொண்டு போனார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. கேட்டவர்களில் யாருக்கும் இதில் தேர்வு கிடையாது. வானொலிப் பெட்டிக்கு முன்னால் தப்பாகச் சொன்னால் திருத்த ஆளில்லை, சிரிக்கவும் ஆளில்லை. கூடவே சொல்ல வீட்டில் நாலு பேர் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சூழல் வரவில்லை. போருக்குப் பிறகு கல்வி விரிவடைய விரிவடைய, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் போட்டி கடுமையானது. ஆயிரக்கணக்கானோரை ஒரே நாளில் வரிசைப்படுத்த வேண்டுமென்றால் பேச்சைச் சோதிக்க முடியாது; மொழிபெயர்ப்பையும் நுணுக்கமான இலக்கணத்தையும் சோதிக்கலாம். தேர்வில் வராததை எந்த வகுப்பும் நீண்ட நாள் நடத்தாது. பொது நுழைவுத் தேர்வில் கேட்டல் பகுதி சேர்ந்ததே 2006இல்தான்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1987இல் ஜெட் திட்டம் வந்தது. வெளிநாட்டு இளைஞர்களைத் துணை ஆசிரியர்களாக வரவழைத்து, மலைக் கிராமப் பள்ளிகள் வரை அனுப்பினார்கள். முதல் ஆண்டு 848 பேர்; பின்னாளில் ஐயாயிரத்தைத் தாண்டியது. பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகப் பேசக் கிடைத்த வெளிநாட்டவர் அவர்தான். வகுப்பைவிட மதிய உணவு நேரத்தில்தான் அவரோடு அதிகம் பேசினோம் என்று அந்தத் தலைமுறையினர் பலர் நினைவுகூர்வார்கள். ஜப்பானியப் பள்ளியில் மதிய உணவை வகுப்பறையிலேயே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்; துணை ஆசிரியரும் ஒரு குழுவோடு உட்காருவார். உனக்குப் பிடித்த விளையாட்டு என்ன, நாய் வளர்க்கிறாயா என்று பாதி வார்த்தை, பாதி சைகையில் ஓடும் அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் இல்லை.

2011இல் தொடக்கப் பள்ளி ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கட்டாயச் செயல்பாடானது. ஆண்டுக்கு 35 வகுப்புகள், பாட்டும் விளையாட்டும், மதிப்பெண் கிடையாது. 2020இல் அந்தச் செயல்பாடு மூன்றாம் வகுப்புக்கு இறங்கியது. ஐந்து, ஆறாம் வகுப்புகளில் அது முறையான பாடமாகி, பாடநூலும் மதிப்பீடும் வந்தன, நேரமும் இரண்டு மடங்கானது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலோர் ஆங்கிலம் பிடிக்கும் என்றே சொல்கிறார்கள். நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் அந்த விருப்பம் இறங்குகிறது என்பதைக் கருத்தாய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

ஏன் இறங்குகிறது? புதிய பாடத்திட்டப்படி பிள்ளை தொடக்கப் பள்ளியிலேயே 600 முதல் 700 சொற்களைச் சந்தித்திருக்க வேண்டும். நடுநிலைப் பள்ளியில் முன்பு 1,200 சொற்கள் என்றிருந்தது, 2021 முதல் 1,600 முதல் 1,800 என்றானது. பாட்டாகவும் விளையாட்டாகவும் காதில் விழுந்த சொற்களை இப்போது எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டும். தொடக்கப் பள்ளியில் "ஐ லைக் டாக்ஸ்" என்று சொன்னதற்குக் கைதட்டல் கிடைத்தது. இங்கே அதையே எழுதும்போது கடைசி எழுத்தை விட்டால் சிவப்புக் கோடு விழுகிறது. பிள்ளை மாறவில்லை, தப்பின் விலை மாறிவிட்டது. அதோடு நேரக் கணக்கும் இருக்கிறது. வகுப்பு 50 நிமிடம், பிள்ளைகள் 40 வரை. ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தால்கூட ஆளுக்கு ஒன்றேகால் நிமிடம்தான்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற மௌனம். ஜிம் கிங் என்ற ஆய்வாளர் ஜப்பானில் ஒன்பது பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்புகளில் 48 மணி நேரம் உட்கார்ந்து கவனித்தார். மாணவர் தாமாகத் தொடங்கிப் பேசியது மொத்த நேரத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. படித்ததும் மனம் சோர்ந்துபோகும் எண் இது. ஆனால் அந்த மௌனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் ஒருவரைக் கேள்வி கேட்கிறார். அவர் பதில் சொல்லாமல் பக்கத்து மாணவரைத் திரும்பிப் பார்க்கிறார். தாழ்ந்த குரலில் ஜப்பானியத்தில் ஒரு சின்ன ஆலோசனை. பின்வரிசைக்காரரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறார். பிறகு ஒரே ஒரு சொல்லில் பதில் வருகிறது. பெரும்பாலும் சரியான பதில். வெளிநாட்டு ஆசிரியர் அதற்குள் பொறுமை இழந்து அடுத்தவரிடம் போயிருப்பார். இவருக்குத் தெரியாது என்று அவர் முடிவு கட்டியிருப்பார். அந்த மாணவர் செய்ததோ, சுற்றியிருப்பவர்களை விட்டுத் தான் மட்டும் முந்திக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொண்டது.

முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெற்றோரின் வேலைக்காக வெளிநாட்டில் சில ஆண்டுகள் வளர்ந்து திரும்பிய பிள்ளைகள் அழகாக ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வேண்டுமென்றே ஒவ்வொரு மெய்யெழுத்துக்குப் பின்னும் ஓர் உயிரைச் சேர்த்து, மற்றவர்களைப் போலவே ஜப்பானிய ஒலியில் வாசிப்பார்கள். சரியாகச் சொன்னால் அலட்டிக்கொள்கிறான் என்ற சிரிப்பு கிளம்பும். தப்பாகச் சொன்னாலும் சிரிப்பு, சரியாகச் சொன்னாலும் சிரிப்பு என்றால் பதின்மூன்று வயதில் யார்தான் வாயைத் திறப்பார்கள்? இந்த இடத்தில் பிள்ளைகளைக் கோழைகள் என்பது அநியாயம் என்று நினைக்கிறேன். அவர்கள் சூழலைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள்.

கன்சாய் பல்கலைக்கழகத்தின் யாஷிமா டொமோகோ 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு திறவுகோல் தருகிறது. பேசுவதற்கு ஒருவர் முன்வருவதற்குத் தேர்ச்சி மட்டும் போதுமானதாக இல்லை. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அதைவிட நேரடியாக வேலை செய்கிறது. கூடவே இன்னொன்றும்: உலக விவகாரங்களில் அக்கறை, வெளிநாட்டவரோடு பழக விருப்பம், ஜப்பானுக்கு வெளியே தனக்கு ஓர் இடத்தைக் கற்பனை செய்ய முடிவது. இவை உள்ள மாணவர் ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பேச முன்வருகிறார். பின்னர் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஐ.நா. சபை மாதிரிக் கூட்டங்களை ஆங்கிலத்தில் நடத்திய மாணவர்களை அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, அந்த நாட்டுக்காக வாதாடும்போது பிள்ளைகள் பேசினார்கள். சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சொல்லாவிட்டால் அந்த நாட்டின் தரப்பு விட்டுப்போகும். வேறொருவராகப் பேசும்போது தப்பும் அந்த வேறொருவருடையது ஆகிவிடுகிறது என்பது என் ஊகம்.

இதை நடைமுறையில் கண்டுகொண்ட இடங்கள் இருக்கின்றன. ஒசாகா பக்கம் கிண்டாய் பல்கலைக்கழகம் 2006இல் வளாகத்துக்குள் ஓர் ஆங்கிலக் கிராமம் கட்டியது. உள்ளே நுழைந்தால் ஜப்பானிய மொழிக்கு இடமில்லை. காப்பி குடிக்கலாம், விளையாடலாம், சமைக்கலாம், வெட்டியாக அரட்டை அடிக்கலாம். டோக்கியோவில் 2018இல் திறந்த டோக்கியோ குளோபல் கேட்வேயில் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் போகிறார்கள். விமான அறை, ஹோட்டல் வரவேற்பு மேசை, கடை எல்லாம் மாதிரியாக அமைத்திருக்கிறார்கள். விமானத்தில் சாப்பாடு கேட்டு வாங்க வேண்டும், கடையில் பொருள் வாங்க வேண்டும். வாய் திறந்தால்தான் கையில் சாப்பாட்டுத் தட்டு வரும். வந்துவிட்டால் அந்த ஆங்கிலம் போதுமானது என்று பொருள்.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. இணையத்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களோடு 25 நிமிடம் பேசும் வகுப்புகள் பரவலாகி, இப்போது பள்ளிகளே அவற்றை எடுத்து நடத்துகின்றன. எதிரில் இருப்பவரும் ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர். அவர் பேச்சிலும் அவர் ஊர் ஒலி இருக்கிறது, ஆனாலும் தயங்காமல் பேசுகிறார். இது பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லும் பாடம் பெரிது என்று நம்புகிறேன். அமெரிக்கரைப் போலப் பேச வேண்டும் என்ற அளவுகோல் போனாலே பாதி பயம் போய்விடும். வகுப்பு நண்பர்கள் யாரும் பக்கத்தில் நின்று கேட்பதும் இல்லை.

இந்த நேரத்தில்தான் பேச்சை நுழைவுத் தேர்வுக்குள் கொண்டுவரும் முயற்சியும் நடக்கிறது. பல்கலைக்கழக நுழைவுக்குத் தனியார் ஆங்கிலத் தேர்வுகளைப் பயன்படுத்தும் திட்டம், பணமுள்ள நகரத்துப் பிள்ளைகளுக்கே சாதகம் என்ற எதிர்ப்பில், தொடங்குவதற்குச் சில மாதங்களே இருந்த 2019 நவம்பர் 1 அன்று நிறுத்தப்பட்டது. அவரவர் வசதிக்கேற்ப முயன்றால் போதும் என்ற பொருளில் அப்போதைய கல்வி அமைச்சர் ஹகியுடா கொயிச்சி தொலைக்காட்சியில் சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. 2021இல் அதை முழுக்கவே கைவிட்டார்கள். டோக்கியோ மாநகரம் மட்டும் விடவில்லை. அங்கே 2022 முதல் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு உண்டு. உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையின் 1,020 மதிப்பெண்ணில் 20 அதற்குப் போகிறது.

இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. தேர்வில் வந்தால்தான் வகுப்பில் இடம் கிடைக்கும் என்று மேலே நானே சொன்னேன். பேச்சுக்கு 20 மதிப்பெண் என்றதும் ஆசிரியர்கள் பேச்சுக்கு நேரம் ஒதுக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தத் தேர்வு நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளை காதை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்துப் பேசுகிறது. எதிரில் ஆளில்லை. தலையாட்டவோ "அப்படியா?" என்று கேட்கவோ யாருமில்லை, சொன்னது புரிந்ததா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. முதல் ஆண்டிலேயே, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது என்று புகார்கள் கிளம்பின. 20 மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, எதிரில் ஓர் ஆளை உட்கார வைத்திருக்கலாம். செலவாகும், பல்லாயிரம் பிள்ளைகள் என்பதால் நாளும் ஆகும். அந்தச் செலவைச் செய்யத் துணிகிற மாவட்டம் எதுவோ, அங்கேதான் இந்தப் பிள்ளைகள் பேசுவதை நாம் கேட்க முடியும் என்று நினைக்கிறேன்.